வெறுங்கால்

சென்னையிலிருந்து புதுவைக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் மரக்காணம் என்னும் ஊர் உள்ளது. அங்குச் செல்வோரின் கண்ணைக் கவர்வன பரந்து கிடக்கும் உப்பளங்களே. பாத்திகளில் பாய்ச்சிய உவர்நீரைக் கதிரவன் வற்றச் செய்ய, உப்பு வெண்மணிகளாய் விளைகின்றது. அதனைப் பலகையால் வாரிக் கரையேற்றுவோரிலும், தலையில் சுமந்து குவிப்போரிலும் பலர் வெறுங்காலுடன் நிற்கின்றனர். அக்காட்சியைக் கண்டு, “எத்துணை உறுதி வாய்ந்த கால்கள்!” என்று புகழ்வார் உளர். அப்புகழ்ச்சி தகுமா? வெறுங்காலால் புகழ் பெற்ற ஒருவரின் வரலாறு இவ்வினாவிற்கு விடை கூறும்.

அவர் பெயர் முகமது சலீம். கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் கால்பந்து ஆடியவர். அக்கழகம் 1934-ஆம் ஆண்டில் கல்கத்தா லீக் கோப்பையை வென்றது. அதனை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1936-இல் சலீம் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்றார். கிளாஸ்கோ நகரின் புகழ்மிக்க செல்டிக் கழகம் அவரைச் சோதித்துப் பார்த்தது. பூட்சு அணிந்து பழகிய நாட்டில், வெறுங்காலுடன் ஒருவர் ஆட வந்ததைக் கண்டு பலரும் வியந்தனர். ஆயினும் அவருடைய திறமையைக் கண்ட கழகத்தார், காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றி அவரைத் தம் இரண்டாம் நிலை அணியில் ஆட விட்டனர். கால்ஸ்டன் அணியை அவ்வணி 7-1 என்னும் கணக்கில் வென்றது. மறுநாள் செய்தித்தாள் ஒன்று அவரை இந்தியச் செப்பிடு வித்தைக்காரர் என்று பாராட்டியது.

இரண்டே ஆட்டங்கள் ஆடியபின், தாயக நினைவு மேலிட அவர் நாடு திரும்பினார். இதனைத் தோல்வி என்பது பொருந்தாது. வந்த விருந்தினரின் வழக்கத்தை இகழாது, அவருடைய ஆற்றலுக்கு இடம் தந்த கழகமும் பெருமைக்குரியதே. பல்லாண்டுகள் கழித்து, நோயுற்ற சலீமைக் கழகம் நினைவில் வைத்திருக்கிறதா என்று அறிய அவர் மகன் மடல் எழுதினார். விடையுடன் நூறு பவுனுக்கு வங்கி வரைவோலையும் வந்தது. மகன் அதனைக் காசாக்காமல் போற்றி வைத்துக்கொண்டார்.

அவ்வாறாயின் வெறுங்கால்தான் சிறப்போ? அன்று. 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிப் பிரான்சு அணியிடம் 2-1 என்னும் கணக்கில் தோற்றனர். எனினும் பாராட்டுப் பெற்றனர். ஆனால் 1952-இல் ஹெல்சிங்கி நகரின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றபோது உண்மை விளங்கிற்று. அதன்பின் நம் ஆட்டக்காரர்க்குப் பூட்சு கட்டாயமாயிற்று. புகழுக்குரியது ஆட்டக்காரரின் திறமையேயன்றி, காலணி இல்லாமை அன்று.

சலீம் வெறுங்காலைத் தாமே விரும்பினார்; வேண்டாதபோது விலகவும் அவரால் இயன்றது. உப்பளத் தொழிலாளிக்கு அவ்வுரிமை உண்டா? உவர்நீர் தோலை அரிக்கின்றது. உப்புமணி காலைக் கீறுகின்றது. கீறிய புண்ணில் மீண்டும் உப்பே படுகின்றது. “அவர்களுக்குக் காலணி பழக்கமில்லை, கொடுத்தாலும் அணியார்” என்று சிலர் கூறுவர். ஈரத்தரையில் வழுக்கும் காலணியை ஒருவர் மறுப்பாராயின், குறை அவருடையதன்று. தொழிலுக்கு ஏற்ற காலணியை அளிக்காதவருடையது. செல்டிக் கழகத்தார் ஒருவருடைய காலுக்கு ஏற்பத் துணிக்கட்டுச் சுற்றினர். ஆயிரவர் கால்களுக்கு ஏற்ற காப்பினை ஆக்கித் தருவது நமக்கு அரிதோ?

மாணவர்களே! துன்பத்தைத் தாங்குவோரை வியந்து நிற்பது எளிது. அத்துன்பத்தை நீக்க முயல்வதே அறம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பழமொழி. உப்பிட்டவரை நினைக்கும் நாம், அவ்வுப்பை விளைவித்தவரின் கால்களை மறக்கலாமோ?