கத்தி எடுக்கும் முன் கணினி

உலகில் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கிறது. பல குறைகளை எளிதில் சரிசெய்துவிடலாம். ஆனால், இரத்தத்தை இறைக்கும் கீழறைகள் இரண்டில் ஒன்று மட்டுமே செயல்படும் நிலையில் பிறக்கும் குழந்தையை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய இதயக் குறைக்காக, பிரான்சின் போர்தோ நகரில் பிரான்சிஸ் ஃபோன்தான் என்ற மருத்துவர் 1968-இல் ஓர் அறுவை சிகிச்சையைத் தொடங்கி வைத்தார். பல மாற்றங்களுடன் அது இன்றும் செய்யப்படுகிறது. உடலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்திற்குள் நுழையாமல் நேரே நுரையீரலுக்குச் செல்லும்படி இரத்தக் குழாய்களை இணைத்துவிடுகிறார்கள். இருக்கும் ஒரு கீழறை உடலுக்கு மட்டும் இரத்தத்தை அனுப்பும். நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ளுவதற்குத் தனியே ஒரு கீழறை இல்லை. அதனால் ஒவ்வொரு வளைவும் ஓட்டத்தின் வேகத்தைச் சிறிது தின்றுவிடும்.

கனமழையின்போது இரு வடிகால்கள் எதிரெதிரே வந்து சந்திக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். நீர் மோதிச் சுழலும். முன்னே செல்லத் தயங்கும். தலையிலிருந்தும் காலிலிருந்தும் வரும் இரத்தம் நேருக்கு நேர் சந்தித்தாலும் இதுதான் நடக்கும். லண்டன் மருத்துவர் மார்க் டி லெவாலும் மிலான் நகரப் பொறியாளர்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். இரு குழாய்களையும் சற்று விலக்கி இணைத்தால் ஆற்றல் இழப்பு குறையும் என்பது அவர்கள் கண்ட முடிவு. குழந்தையின் மார்பைத் திறந்து இப்படியும் அப்படியும் சோதிக்க முடியுமா? கணினியில் எத்தனை முறை தவறினாலும் யாருக்கும் வலிக்காது. எனவே, சிக்கலான இதயங்களுக்குக் கத்தி எடுக்கும் முன் கணினியில் ஒத்திகை பார்ப்பது வழக்கமாக வேண்டும் என்பதே என் கருத்து.

ஆயினும், திரையில் தெரிவதை அப்படியே நம்புவதை நான் ஏற்கமாட்டேன். கல்லீரலிலிருந்து வரும் இரத்தம் இரு நுரையீரல்களுக்கும் தேவை. அது கிடைக்காத நுரையீரலில் கோளாறான இரத்தக் குழாய்கள் உருவாகலாம். இரண்டுக்கும் சமமாகப் பிரித்தனுப்ப, காற்சட்டையின் இரு கால்கள்போல் பிரியும் குழாயைக் கலிபோர்னிய ஆய்வாளர்கள் 2009-இல் முன்மொழிந்தார்கள். கணினியில் அது நன்றாகவே செயல்பட்டது. நோயாளிகளுக்குப் பொருத்தியபோதோ, சிலரிடம் எதிர்பார்த்த சமநிலை வரவில்லை. கணினி மாதிரியின் குழாய்ச் சுவர் பெரும்பாலும் விறைப்பானது. குழந்தையின் குழாயோ நெகிழும். குழந்தை மூச்சு விடும், ஓடும், வளரும்.

இதற்காகக் கணினியைக் கைவிட வேண்டியதில்லை. அந்த ஆய்வாளர்கள் நோயாளிகளை மீண்டும் படம் எடுத்து, கணித்ததையும் நடந்ததையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை வெளியிட்டார்கள். எனக்கு அவர்கள்மீது மதிப்பு கூடியது அதனால்தான். செலவும் நேரமும் ஆகும் என்று சொல்லி இந்த இரண்டாம் பாதி வேலையைத் தவிர்க்கக்கூடாது. இப்படிப்பட்ட படத்தைப் பெற்றோரிடம் காட்டும் மருத்துவர், "முன்பு கணித்தவற்றுள் எத்தனை சரியாக வந்தன?" என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.