இளந்தோப்பில் மட்டும் மஞ்சள்: தோட்டக்கலை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்



கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் 10 மீட்டருக்கு ஒரு மாங்கன்று நடும் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. கன்று ஒன்றுக்கு 100 சதுர மீட்டர் நிலம்; 2 மீட்டர் அகல வட்டப்பாத்தி அதில் பிடிப்பது ஏறக்குறைய 3 சதுர மீட்டர்தான். மிச்சத்தை ஐந்தாறு ஆண்டுகள் உழுது, களையெடுத்துச் சும்மா போட்டு வைக்கிறோம். அங்கே ஊடுபயிராக மஞ்சள் வைக்கத் தோட்டக்கலைத் துறை கைகொடுக்க வேண்டும், ஆனால் இளந்தோப்புகளில் மட்டும் என்பதே என் கோரிக்கை. காய்க்கும் மாமரம் பூப்பதற்கு முன் சில வாரங்கள் வாட வேண்டும். மழை ஓய்ந்த பிறகும் தண்ணீர் கட்டிக்கொண்டே இருந்தால் பூவுக்குப் பதில் கொழுந்து தள்ளும். வைகாசி, ஆனியில் ஊன்றிய மஞ்சளுக்கோ அதுதான் கிழங்கு பருக்கும் பருவம். பாசனத்தை நிறுத்த முடியாது. இரண்டையும் ஒரே மண்ணில் வைத்தால் ஏதோ ஒன்றில் நஷ்டம். ஒட்டுக்கன்றுக்கு இந்தச் சிக்கலே இல்லை. முதல் மூன்று நான்கு ஆண்டுகள் அது பூத்தாலும் கிள்ளித்தான் எறிகிறோம். கொழுந்து வந்தால் நமக்கு மகிழ்ச்சிதான்.

மானாவாரித் தோப்புக்கு இது ஒத்துவராது என்பார்கள். சரியான பேச்சு. கிணறு இல்லாத இடத்தில் மஞ்சளைத் திணிக்க வேண்டாம். அங்கே கொள்ளும் உளுந்தும் போதும். கிழங்கு வெட்டும்போது மாவேர் அறுபடும் என்ற அச்சத்துக்கு, கன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் பார் அணைப்பதே மருந்து. கிழங்கழுகல் வரும், உண்மை; தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுத்து, ஆண்டுக்காண்டு இடத்தை மாற்றினால் அது கட்டுக்குள் நிற்கும். விலை சரிவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை மூட்டை கட்டி விலைக்குக் காத்திருக்க முடியும். விளைச்சல் பெருகிய ஆண்டில் மாங்கூழ் ஆலை வாசலில் நிற்கும் தோத்தாபுரி லோடுக்கு அந்த வசதி இல்லை.

உண்மையான தடை விதைச்செலவு. தனிப்பயிராக வைத்தால் ஹெக்டேருக்கு 1,500 முதல் 2,000 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். கன்றுக்கும் நடைபாதைக்கும் விட்டதுபோகப் பாதி நிலம் என்று வைத்தாலும் முக்கால் டன்னுக்குக் குறையாது. இதைக் கைக்காசில் வாங்க, வருமானமே இல்லாத இளந்தோப்புக்காரரால் எப்படி முடியும்? புதுத்தோப்புக்கு மாங்கன்று தரும் திட்டத்திலேயே நோயற்ற விதை மஞ்சளையும் சேர்த்துவிடுங்கள். மரத்தைப் பூக்க விடும் ஆண்டோடு அந்த உதவி நின்றுவிடும் என்பதையும் அரசாணையிலேயே எழுதிவிடுங்கள்.