மெருகும் பொறுமையும்

விடுமுறை நாட்களில் தாமே முக்காலியோ மணையோ செய்ய முற்படும் அன்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று: பூட்டி முடித்தால் பாதி வேலையே முடிந்தது.

முதலில் உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தல் வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் மெருகிட்ட பின்னரே பளிச்செனத் தெரியும். பிறகு தூசி துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கைத் துணியில் பொதிந்த பஞ்சினால் மெல்லிய பூச்சுகளாக இடுக. ஒன்று உலர்ந்த பின்னரே அடுத்தது. அருகில் அடுப்போ விளக்கோ கூடாது. ஸ்பிரிட் நொடியில் பற்றும்.

இவ்வரக்கு பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. அதனை ஆராயவே 1924-இல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது.

சூளூர்ப்பேட்டைக்கோ பழவேற்காட்டு ஏரி அண்மையில் உளது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மெருகிட்டால், ஸ்பிரிட் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து, வெண்புகை போல் மூடிக்கொள்ளும். தீபாவளிக்குள் முடிக்க விரைவோர் இதனை எண்ணுக. தை பிறந்தபின் நல்ல வெயில் நாளில், நண்பகலில் இடுவதே நன்று.

மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் நமக்கு, உடன் வருவது கையால் செய்த பொருளே. அதில் அமர்ந்து பிள்ளைகள் தமிழ் படிக்கும் காட்சிக்கு இரண்டு மாதப் பொறுமை அதிகமன்று.