குதிரை லாயத்தில் கோடீஸ்வரர்கள்!

குளத்தூர் ஒரு காலத்தில் தொண்டைமான்களின் தனிப் பாளையம். பாளையம் என்றால் குதிரையும் லாயமும் இல்லாமலா? ராஜா காலம் முடிந்தால் இந்தக் கட்டடங்கள் கதி?

1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. பிற்பாடு புது அரண்மனை கலெக்டர் ஆபீசாகிப் பிழைத்துக்கொண்டது.

லாயம் பிழைத்த கதை லண்டனில். பெல்கிரேவியா, கென்சிங்டன் பங்களாக்களுக்குப் பின்சந்தில் வரிசையாக லாயங்கள். ‘மியூஸ்’ என்று பெயர். கீழே குதிரை, கோச்சு வண்டி. மாடியில் வண்டிக்காரர் குடும்பம், சாண நாற்றத்தோடு!

மோட்டார் வந்தது, குதிரை போச்சு. லாயம் கார் ஷெட்டாகி, அப்புறம் வீடாச்சு. இடிக்காமல் விட்டது நல்ல காரியம்தான். ஆனால் இன்று ஒரு வீடு வாங்கப் பல கோடி ரூபாய் வேணும்.

வண்டிக்காரரின் பேரன் அங்கே குடியிருக்க ஆசைப்பட்டால்? வாடகையைக் கேட்டதுமே தலை சுற்றும்!