அசனமும் வனபோஜனமும்

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே ஆலயத்தில் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவராகப் பிடித்துப் பாடி, ஆராதனை முடிந்ததும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமலே வாயிலைக் கடந்து செல்வோர் நம் சபைகளில் எத்துணையர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். யாம் அறிந்த நகரச் சபை ஒன்றில், பல்லாண்டுகளாகத் தென்புறத் தூணருகே அமர்ந்து வந்த முதியவர் ஒருவர் நோயுற்று மூன்று வாரம் படுக்கையிற் கிடந்தார். நான்காம் வாரத்தில் அவருடைய அடக்க ஆராதனை அறிவிக்கப்பட்டபோது, 'இவர் யார்?' என்று அருகிருந்தோரை வினவியவர் பலர். வினவியவருள் யாமும் இருந்தோம் என்பதை மறைத்தற்கில்லை.

இக்குறையைப் பிரசங்கத்தால் தீர்த்துவிடலாம் என்று கருதுவோர் உளர். அன்பைப் பற்றிய பிரசங்கங்கள் நம்மிடையே குறைவில்லை. அவற்றைக் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். ஆயினும் கேட்போர் அனைவரும் ஒரே திசை நோக்கி அமர்ந்திருக்குமிடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதெங்ஙனம்? சபையாரிடையே தோழமை வளர்வது பெரும்பாலும் ஆலயச் சுவர்களுக்கு வெளியே, அடுப்பருகிலும் பந்தியிலும் வழிநடையிலுமே என்பது எம் துணிபு.

நட்பைப் பற்றி எழுதப் புகும் தமிழ் மாணவர்க்குத் திருவள்ளுவர் குறுக்கே வந்து நிற்பார். கூடியிருத்தலும் அடுத்தடுத்துப் பழகுதலும் நட்பிற்கு வேண்டுவனவல்ல, ஒத்த உணர்ச்சி ஒன்றே போதும் என்பது அவர் கருத்து. இதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டாகக் கூறுவர். சோழன் உறையூரில், புலவர் பாண்டிநாட்டுப் பிசிரில். ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டனர். சோழன் வடக்கிருந்த செய்தி அறிந்து புலவரும் வந்து வடக்கிருந்து உயிர் நீத்தார். இஃது அரிய நட்பு. அரியதாகலின் அன்றோ புறநானூற்றில் இடம் பெற்றது! நாமோ சோழரும் அல்லேம், பிசிராந்தையாரும் அல்லேம். ஒத்த உணர்ச்சி உள்ளவரை மட்டும் நண்பராகத் தெரிந்துகொள்ளும் உரிமை சபையில் நமக்கில்லை. எழுத்தறியாத பாட்டியும், வங்கி மேலாளரும், மீன் விற்கும் அம்மையும், கணக்கில் தோற்ற சிறுவனும் அங்கே ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றனர். இவர்க்குள் உணர்ச்சி ஒத்தல் தானே வாராது. பழகிப் பழகியே வரவேண்டும்.

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலுள்ள சபைகளில் பிறந்தோர்க்கு அசனம் என்பதை விளக்க வேண்டுவதில்லை. பிற இடத்து நண்பர்க்காகக் கூறுகிறோம்: அசனம் என்னும் வடசொல்லுக்கு உணவு என்பதே பொருள். பிரதிஷ்டைப் பண்டிகை முதலிய நாட்களில் சபையார் அனைவரும் கூடிச் சமைத்து, சாதி மத வேறுபாடின்றி வந்தவர்க்கெல்லாம் பந்தியிட்டு உண்ணும் பெருவிருந்திற்கு நம் மக்கள் அப்பெயரை வைத்துக்கொண்டனர். ஒருவர் அரிசி மூட்டை தருவார்; ஒருவர் ஆடு தருவார்; மற்றொருவர் தேங்காய் தருவார்; ஒன்றும் தர இயலாதவர் விறகு பிளப்பார்.

உண்ணும் பகற்பொழுதைக் காட்டிலும் அதற்கு முந்திய இரவே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆலய வளாகத்தில் விளக்குகள் எரிய, பெண்டிர் வட்டமாக அமர்ந்து வெங்காயம் உரிப்பர். பூண்டு ஒருபுறம், இஞ்சி ஒருபுறம், துருவிய தேங்காய் ஒருபுறமாகக் குவியும். ஆடவர் மண்ணைத் தோண்டி நீண்ட அடுப்பு வெட்டி அண்டாக்களை ஏற்றுவர். வெங்காயத்தின் காரத்தால் எல்லார் கண்ணிலும் நீர் வழியும். அந்நீருக்கு மறைவில் உண்மையாகவே அழுது தன் துயரைச் சொல்லிக்கொள்பவளும் ஒருத்தி இருப்பாள். எம் அன்னையார்க்கு இந்நாள்வரை உயிர்த்தோழியாக விளங்கும் அம்மையார், அவ்வாறு ஓர் அசனத்தின் முன்னிரவில் அருகமர்ந்து பூண்டு உரித்தவரே. அதற்கு முன் எட்டாண்டுகள் இருவரும் ஒரே சபையில் இருந்தனர்; புன்னகைக்கு மேல் ஒன்றும் நிகழவில்லை. கைக்கு வேலை இருந்தால் வாய்க்குக் கூச்சம் குறைகிறது போலும். இப்பொழுது சில நகரச் சபைகளில் சமையற் குத்தகைக்காரரிடம் பணத்தைக் கொடுத்து, குறித்த நேரத்தில் உணவைப் பெற்றுக்கொள்கின்றனர். சோறு சுவையாகவே இருக்கிறது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்த இரவு போய்விட்டது.

கூடியுண்ணல் நம் சமயத்திற்குப் புதிதன்று. பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி என்னும் உரோம அதிகாரி, கி. பி. 112-ஆம் ஆண்டை ஒட்டித் திராயன் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர் விடியுமுன் கூடித் துதி பாடிக் கலைந்து, பின்னர் மீண்டும் கூடிக் குற்றமற்ற சாதாரண உணவை உண்பர் என்று விசாரணையில் அறிந்ததாகக் குறிக்கிறான். கொரிந்து சபையில் செல்வர் முந்தியுண்டு நிறைய, வறியர் பசித்திருந்ததைப் பவுலடியார் கடிந்துகொண்டதும் நாம் அறிந்ததே. பின்னர் நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், இவ்வன்பின் விருந்தை ஆலயத்தினுள் நடத்தலாகாது என்று விதித்தது.

நம் நாட்டிலோ இது போராட்டமாகவே இருந்தது. 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை அறவே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் விடுத்தார். ஆலயத்தில் தனியிடம், நற்கருணையில் முன்பின் என்பனவெல்லாம் ஒழிய வேண்டும் என்றார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகினர். 1850-ஆம் ஆண்டில் சென்னை மிஷனரிமார் மாநாடு, பிற சாதியார் சமைத்த உணவை உண்ண மறுப்பவன் சாதியை விட்டவனாகான் என்று தீர்மானித்தது. ஞானஸ்நானம் பெறலாம், வேதம் வாசிக்கலாம், பாடலாம். சோற்றுக்கு வரும்போதுதான் உள்ளம் வெளிப்பட்டது. ஆகையால் நம் அசனப் பந்தியைக் காணும் ஒருவன், 'வெறும் சாப்பாடு தானே' என்று கூறுவானாயின் அவன் இவ்வரலாற்றை அறியாதவன் என்க.

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற பந்தியை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? யாம் கண்ட ஓர் அசனத்தில், வெளியே பந்தலின்கீழ் ஊரார் வரிசையாகத் தரையில் அமர்ந்திருக்க, உள்ளறையில் மேசையிட்டு, துணி விரித்து, சபையின் முக்கியஸ்தர்க்கும் காணிக்கை மிகுதியாகத் தந்தோர்க்கும் தனியே பரிமாறினர். உள்ளே கறி மிகுதி, வெளியே குழம்பு மிகுதி என்று ஒரு சிறுவன் உரக்கவே கூறினான். அவன் தாய் அவன் வாயைப் பொத்தினாள். முதியோர்க்குத் தரையில் அமர இயலாதென்பது சரியே. அவர்க்கு நாற்காலியைப் பந்தலுக்கே கொண்டுவரலாமன்றோ? பழைய சாதிப்பந்தி போய்ப் பணப்பந்தி வந்ததாக முடிதலாகாது. உண்மையைக் கூறின், பழையதும் முற்றும் போய்விட்டதாகச் சொல்ல எமக்குத் துணிவில்லை.

இனி, நம் பாட்டனார் வனபோஜனம் என்றும், இக்காலத்தார் பிக்னிக் என்றும் டூர் என்றும் வழங்கும் உலாவைப் பற்றிச் சிறிது கூறுவோம். மூன்றாண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் எம் சபை வாலிபர் சங்கத்தார் குற்றாலத்திற்கு இரண்டு வான்களில் சென்றோம். ஏறும்போதே உறவினர் உறவினரோடும், ஆங்கிலப் பள்ளியிற் படித்தோர் தம்மவரோடும் இடம் பிடித்தனர். வழியெல்லாம் ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சென்றோம். பேரருவியை அடைந்தபோது வெள்ளம் பெருகியிருந்தமையால் காவலர் குளிக்க விடவில்லை. ஐந்தருவிக்குச் சென்றோம்; அங்கும் அதே விடை. சாரல் மழையாக வலுத்தது. வான்களுக்கு ஓட்டுநர் டீசல் நிரப்பச் சென்றுவிட, முப்பது பேரும் ஒரு கடையின் தகரக் கூரையின்கீழ் நெருங்கி நின்று, கட்டுச்சோற்றைப் பிரித்துக் கைக்குக் கை மாற்றி உண்டோம். எவர் வீட்டுப் புளியோதரை எவர் வாயிற் சென்றதென்று தெரியவில்லை. விளையாட்டுப் போட்டிகளும் பரிசுகளும் நிகழ்ச்சிநிரலில் இருந்தன; ஒன்றும் நடைபெறவில்லை. ஆயினும் இன்று எமக்கு நண்பராயிருப்போரில் மூவர் அக்கூரையின்கீழ் கிடைத்தவரே. அருவியில் குளித்திருந்தால் கிடைத்திருப்பரோ என்பது ஐயம்.

இம்மகிழ்ச்சியின் நடுவே ஒரு முள்ளும் உண்டு. அவ்வுலாவிற்கு ஆளொன்றுக்கு நானூறு ரூபாய் என்று குறித்து, தந்தோர் பெயர்ப்பட்டியலை ஆலய வாயிலில் ஒட்டினர். எம் தெருவில் தையல் வேலை செய்பவர் ஒருவரின் பிள்ளைகள் இருவரும் பாடகர் குழுவில் எம்மோடு பாடுபவர்கள். அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. பரீட்சை இருக்கிறது என்றனர். ஆடி மாதத்தில் என்ன பரீட்சை என்று யாம் கேட்கவுமில்லை. கேட்டிருப்பின் அதுவும் கொடுமையாகவே முடிந்திருக்கும். திரும்பி வந்த ஞாயிறன்று எல்லாரும் மழையைப் பற்றியே பேசிச் சிரிக்க, அவ்விருவரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தனர். தோழமைக்கென்று செய்த செயலே இருவரை வெளியே நிறுத்திற்று.

இத்தகைய உலாக்கள் வீண்செலவு, அப்பணத்தை ஏழைக்குத் தரலாம் என்று மூப்பர் சிலர் கூறுகின்றனர். ஏழைக்குத் தருவது வேறு, ஏழையோடு செல்வது வேறு என்று அவர்க்குப் பணிவுடன் விடை கூறுவோம். ஆயின் உடன்செல்லும் வழியைச் செம்மைப்படுத்தாமல் அவ்விடையைக் கூற நமக்கு வாயில்லை. எம் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி நெடுநேரம் வாதிட்டோம். இறுதியில், பட்டியலை நீக்கி, ஒவ்வொருவர்க்கும் பெயரெழுதாத உறை ஒன்று தருவதென்றும், இயன்றதை இட்டு, இயலாதவர் வெறுமையாகவே ஒட்டிப் பெட்டியிற் போடுவதென்றும் முடிவாயிற்று. பணம் குறையும் என்று பொருளாளர் அஞ்சினார். அறுநூறு ரூபாய் குறைந்தது. அதைச் சங்கநிதியிலிருந்து ஈடு செய்தோம். வானில் இருக்கைகளுக்கும் எண்ணிட்டுச் சீட்டுப் போட்டோம். சென்ற ஆண்டு கன்னியாகுமரிக்குச் சென்றபோது தையற்காரர் பிள்ளைகள் இருவரும் வந்தனர். ஓட்டுநர்க்குப் பின்னுள்ள சன்னலோர இருக்கை இளையவனுக்கே விழுந்தது. சங்கத்தலைவர் முதல் எம்வரை பலர் கேட்டும், போகும்போதும் வரும்போதும் அவன் அதை ஒருவர்க்கும் விட்டுக்கொடுக்கவில்லை.