அடித்தால் படியும் என்பவர்களுக்கு ஒரு டீச்சரின் பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. பாடம் நடக்கும்போது பாதியில் எழுந்து போக யாரையும் விட்டதில்லை. இங்கேயும் கடைசிவரை இருங்கள்.

பத்து நாளைக்கு முன்னால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. என் தம்பி மகன் போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலிருந்து வாங்கிவந்த குதிரைக்குட்டி. இப்போது அதற்கு இரண்டு வயது. வடக்குப்பட்டில் வீட்டுக்குப் பின்னால் தென்னை மரத்தில் அதைக் குட்டையாகக் கட்டிப்போட்டு, பக்கத்தில் சரவெடி கொளுத்துகிறார்கள். துள்ளும்போதெல்லாம் ஓர் ஆள் சவுக்கால் அடிக்கிறார். கடைசியில் குட்டி அசையாமல் நிற்கிறது. "சூப்பர், செட் ஆயிடுச்சு" என்று வரிசையாகக் கைதட்டல் படங்கள். அதையே முகநூலில் போட்டதற்கு என்னிடம் படித்த ஏழெட்டுப் பேரும் கைதட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குட்டி செட் ஆகவில்லை. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் முயற்சியை விட்டுவிட்டது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் என் வகுப்பறையும் ஒரு காலத்தில் அப்படித்தான் அமைதியாக இருந்தது. தலைமையாசிரியர் பாராட்டினார், நானும் பெருமைப்பட்டேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், ஏழாம் வாய்ப்பாடு வராமல் தினமும் என்னிடம் பிரம்படி வாங்கினான். கொஞ்ச நாளில் அழுவதை நிறுத்திவிட்டான். திருந்திவிட்டான் என்று நினைத்தேன். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரகடம் பக்கம் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டான். தம்பி, நீ இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடப்பா.

"அடியாத மாடு படியாது" என்கிறீர்கள். குதிரை எப்படிப்பட்ட பிராணி என்று முதலில் பாருங்கள். புலியும் ஓநாயும் துரத்த, ஓடிப் பிழைத்த இனம் அது. கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான் தெரியாது. சந்தேகம் வந்தால் முதலில் ஓடும், அப்புறம்தான் யோசிக்கும். இது திமிர் இல்லை, பிறவிக் குணம். வெடி வெடிக்கும்போது சவுக்கடியும் விழுந்தால் அது என்ன கற்றுக்கொள்ளும்? "சத்தம் வந்தால் வலியும் வரும்" என்றுதான். பயத்தைப் போக்குவதாகச் சொல்லி, பயத்துக்குக் காரணத்தை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. கிரேக்கத்துப் படைத்தலைவர் செனபோன் ஏறத்தாழ 2,350 ஆண்டுகளுக்கு முன்பே குதிரை வளர்ப்பு நூலில் இதைத்தான் எழுதினார். மிரள்கிற குதிரையை அடிக்காதே, அடித்தால் அந்தப் பொருள்தான் வலிக்குக் காரணம் என்று அது நினைத்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. அலெக்சாந்தரின் குதிரை கதை உங்களுக்குத் தெரியும். யாருக்கும் அடங்காத குதிரை தன் நிழலைக் கண்டுதான் மிரள்கிறது என்று அந்தப் பையன் கவனித்தான், அதன் முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினான் என்று புளூடார்க் எழுதுகிறார். அவன் சவுக்கைத் தேடவில்லை. காரணத்தைத் தேடினான்.

இன்று உலகம் முழுவதும் இளங்குதிரைக்கு முதுகில் ஏறுவதற்கு முன்பு தரையில் நின்றே விளையாட்டுப் பயிற்சி கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் பேட் பரேலி இதை ஏழு விளையாட்டுகளாகப் பிரித்தார். தம்பியின் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் நானும் ஒன்பது நாளாக அந்தக் கொல்லையில் இதைத்தான் செய்கிறோம். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "பொறு, இப்போ எடு" என்று சொல்வதோடு சரி.

முதல் விளையாட்டு சிநேகம். ஒரு குச்சியில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, குட்டி மிரளாத தூரத்தில் ஆட்ட வேண்டும். அது நின்று, தலையைத் தாழ்த்தி, மூச்சு விட்டதும் பையை விலக்க வேண்டும். விலக்குவதுதான் பரிசு. அடுத்த தடவை ஓரடி பக்கத்தில். அதற்குப் பிறகு விரலால் மார்பை மெதுவாக அழுத்த வேண்டும். ஓரடி பின்னால் வைத்தால் உடனே விரலை எடுத்துவிட வேண்டும். பிறகு நீளக் கயிற்றில் பின்னால் அனுப்பிக் கூப்பிடுவது, வட்டம் சுற்றவைப்பது, பக்கவாட்டில் நடக்கவைப்பது, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் குறுகலான வழியில் போகவைப்பது. ஒவ்வொன்றிலும் குட்டி ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கிறது. பதில் சரியென்றால் தொல்லை நிற்கிறது. "என்னால் முடியும்" என்கிற எண்ணம் இப்படித்தான் வரும்.

இது செல்லம் கொடுத்துக் கெடுப்பது இல்லை. குட்டி நம்மை இடித்துக்கொண்டு வந்தால் பின்னால் தள்ளித்தான் நிறுத்துகிறோம். கண்டிப்பு வேண்டும், வெறி வேண்டாம்.

"விளையாடினால் பாடம் எப்படி வரும்?" என்று கேட்பவர்களே, 2007-08இல் செயல்வழிக் கற்றல் நம் தொடக்கப்பள்ளிகளுக்கெல்லாம் வந்தபோது நானும் இதையேதான் முணுமுணுத்தேன். பாயில் உட்கார்ந்து அட்டை எடுப்பதா படிப்பு என்றேன். கடைசிப் பெஞ்சில் ஒளிந்திருந்த பிள்ளைகள் தாமாக அடுத்த அட்டையைத் தேடி வந்த பிறகுதான் வாயை மூடினேன். ஆசிரியர் பயிற்சியில் புரோபல், மாண்டிசோரி என்று எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். புத்தியில் ஏற இருபது வருடம் ஆயிற்று.

"தேசிங்கு ராஜா தடவிக்கொடுத்தா குதிரையை அடக்கினார்?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். செஞ்சிக் கதையில் அந்தக் குதிரை ராஜாவோடு போர்க்களம் வரைக்கும் போகிறது. பயந்து உறைந்து நிற்கிற குதிரை அப்படிப் போகுமா?

என் தம்பி மகனுக்கு. ஆவணி முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் புக்கிங் வாங்கிவிட்டாய், கடன் தவணை இருக்கிறது, தெரியும். ஆனால் அந்த ஊர்வலம் எங்கே போகிறது? கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் ராத்திரி பகல் ஓடுகிற ரோட்டோரம். மேளம், டிஜே, சரவெடி, சுற்றிலும் குழந்தைகள். அடக்கிவைத்த பயம் அங்கே வெடித்தால் என்ன ஆகும்? தவிர, குதிரையின் முதுகெலும்பு ஐந்து வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். இரண்டு வயதுக் குட்டி மேல் மாப்பிள்ளையை ஏற்றலாமா? சந்தையில் சுழி பார்த்து வாங்கத் தெரிந்த உனக்கு, அதன் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கத் தெரியவில்லையே!

சட்டத்தை நம்பியும் பயனில்லை. பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. பிராணியை அடிப்பது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். டீயும் பன்னும் வாங்குகிற காசு. அதனால் சட்டத்தைக் காட்டி உன்னைப் பயமுறுத்தப் போவதில்லை. பயமுறுத்துவது தப்பு என்றுதானே இவ்வளவு நேரம் எழுதினேன்.

புக்கிங் முன்பணத்தைத் திருப்பிக் கொடு. அந்தப் பணத்தை என் பென்ஷனிலிருந்து நான் தருகிறேன். சவுக்கு ஆளை அனுப்பிவிடு. வீடியோவை எடுத்துவிடு. கைதட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொல்லைக்கு வாருங்கள். நேற்று அந்தக் குட்டி சாக்குப் பையை மூக்கால் தானே தொட்டது. வெடிச் சத்தத்துக்கு இன்னும் பல மாதம் ஆகும், ஆகட்டும். வரும்போது சத்தம் போடாமல் வாருங்கள். பின்பக்கமாக மட்டும் வராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்