மகளின் மேலுதட்டில் முடி



உங்கள் மகளுக்குப் பத்தோ பதினொன்றோ வயது. புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். கொஞ்ச நாளாகக் கண்ணாடிக்கு முன்னால் அதிக நேரம் நிற்கிறாள். பேசும்போது கையால் வாயை மறைக்கிறாள். மத்ரஸாவுக்குப் போகச் சொன்னால் வயிற்று வலி என்கிறாள். பிறகு ஒரு நாள் வாப்பாவின் ரேசர் கிணற்றடியில் ஈரமாகக் கிடக்கும். பிள்ளையின் உதட்டுக்கு மேலே ஒரு கீறல் இருக்கும். அப்போதுதான் பல உம்மாமாருக்கு விஷயம் விளங்குகிறது. அதற்கு முன்பே விளங்கியிருந்தால் அந்தக் கீறலும் இருந்திராது, அந்த வயிற்று வலியும் இருந்திராது. அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன நோய் என்று பதற வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வயதுக்குப் பிறகு, சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து சில ஓமோன்கள் மெதுவாகச் சுரக்கத் தொடங்குகின்றன. ஆண்களுக்கு மட்டுமே உரியவை என்று நாம் நினைக்கும் அந்த ஓமோன்கள் எல்லாப் பெண்களுக்கும் சிறிதளவு உண்டு. பிறந்ததிலிருந்து முகத்தில் இருந்த மெல்லிய பூமுடி சில பிள்ளைகளுக்கு அப்போது சற்றுக் கறுத்துத் தடிக்கிறது. ஆகவே பிள்ளை பெரிய பிள்ளையாவதற்கு முன்பே மேலுதடு நிழல் விழுந்தது போலத் தெரியலாம். எங்களைப் போன்ற கறுத்த முடிக்காரர்களுக்கு அது இன்னும் எடுப்பாகத் தெரியும். தெற்காசியாவிலும் அரபு நாடுகளிலும் இது பரவலாக உள்ளது.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கலியாணம் முடித்த பெண் உம்மா வீட்டோடு அல்லது அதே வளவில் இருப்பதுதானே நம் வழக்கம்! மூத்தம்மா, பெரியம்மா, சாச்சி என்று தாய்வழிப் பெண்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருப்பார்கள். குடும்பத்தில் யார் யாருக்கு இந்த முடி இருந்தது, எந்த வயதில் வந்தது என்று வேலியைத் தாண்டாமலே கேட்டறியலாம். ஆனால் வாப்பாவின் சகோதரிகளான மாமிமாரையும் மறக்காமல் கேளுங்கள். முடி வாப்பா வழியாகவும் வரும். இரண்டு பக்கமும் பலருக்கு இருந்து, பிள்ளைக்கும் மெதுவாக வந்திருந்தால் பெரும்பாலும் அது குடும்பச் சாயல்தான்.

அதே வளவில் ஒரு தொல்லையும் இருக்கிறது. "மீசை முளைச்ச புள்ள" என்று முதலில் பகிடி பண்ணுவது பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளைகள் அல்ல. வீட்டுக் காக்காவும் சாச்சிமாரும்தான். அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். பர்தாவுக்குள் முகம் மட்டும் தெரியும் பிள்ளைக்கு, தன் முகத்தில் எல்லோரும் பார்ப்பது அந்த ஓர் இடத்தைத்தான் என்று தோன்றிவிடுகிறது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் ஒரு மாணவி பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் 600க்கு 591 புள்ளி எடுத்து மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார். பத்திரிகையில் படம் வந்ததும் சமூக வலைத்தளங்களில் பலர் புள்ளியை விட்டுவிட்டு அவருடைய மேலுதட்டு முடியைப் பற்றி எழுதினார்கள். முதலாவதாக வந்த பிள்ளைக்கே இப்படி என்றால், வகுப்பில் பின் வரிசையில் இருக்கும் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆகவே வளவில் பகிடியை இன்றே நிறுத்துங்கள். காக்காவிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள்.

பிறகு மகளைத் தனியே இருத்திப் பேசுங்கள். "உனக்கு இது கரைச்சலாக இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்று அவள் சொன்னால் விஷயம் முடிந்தது. முடி இருப்பது குற்றமுமல்ல, அழுக்குமல்ல. நீங்கள் வெட்கப்படுவதற்காக அவள் முகத்தில் கை வைக்க வேண்டியதில்லை. ஆம் என்று சொன்னால், "சின்னப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்று தட்டிவிடாதீர்கள். தட்டிவிட்டால் அடுத்தது அந்த ரேசர்தான்.

"முகத்து முடியை எடுப்பது கூடாதல்லவா?" என்று சிலர் கேட்பீர்கள். முகமுடி களையும் பெண்களைப் பற்றி இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை மனதில் வைத்துத்தான் இந்தக் கேள்வி வருகிறது. 1277இல் மறைந்த ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இதை விளக்கியிருக்கிறார்கள். அந்தத் தடை புருவத்தையும் முகத்தின் ஓரங்களையும் பற்றியது. ஒரு பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதை நீக்குவது ஹராமல்ல, விரும்பத்தக்கது என்பது அவர்களின் விளக்கம். இமாம் தபரி (ரஹ்) போன்றோர் வேறு கருத்துச் சொல்லியிருப்பதையும் அவர்களே அங்கு எடுத்துக் காட்டுகிறார்கள். நம் பகுதியினர் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபினர். ஆகவே மேலுதட்டைப் பொறுத்தவரை மனக் குறை வேண்டாம். புருவத்தில் கை வைக்காதீர்கள். இரண்டு புருவத்துக்கும் நடுவில் இருப்பதைப் பற்றிக் கேள்வி இருந்தால் உங்களூர் ஆலிமிடம் கேளுங்கள்.

இனி, வெட்டினாலும் வழித்தாலும் முடி தடித்துப் பெருகும் என்ற பயம். நம் மூத்தம்மாமார் அனைவரும் சொல்வது இது. முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே ஓடும் கத்தி அதைத் தொடுவதே இல்லை. இயற்கையாக வளர்ந்த முடியின் நுனி ஊசி போல மெலிந்திருக்கும், வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும். தடவிப் பார்க்கும்போது சொரசொரப்பாக இருப்பதால் தடித்துவிட்டது என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற உடற்கூற்றியல் பெண்மணி 1928லேயே இதைச் சோதித்து, சவரம் முடியின் வளர்ச்சியை மாற்றுவதில்லை என்று எழுதினார். கிட்டத்தட்ட நூறு வருடமாகியும் செய்தி நம் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை! பதினொரு வயதில் வெட்டத் தொடங்கிய பிள்ளைக்குப் பதின்மூன்றில் முடி கூடத் தெரிந்தால், கூட்டியது வயது, கத்தரிக்கோல் அல்ல.

ஆகவே சின்னப் பிள்ளைக்கு ஆகப் பாதுகாப்பான வழி, ஆகச் சாதாரணமான வழிதான். முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல், அல்லது பற்றரியில் ஓடும் முகத்துக்கான சின்ன ட்ரிமர். முகத்தைக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, முதல் சில தடவை நீங்களே செய்யுங்கள். ட்ரிமரை அழுத்தாமல் ஓட்டினால் தோல் வெட்டுப்படுவது அரிது. ரேசர்தான் இருக்கிறதென்றால் புதிய பிளேட், சவர்க்கார நுரை, முடி வளரும் பக்கமாக மெதுவாக ஒரு தடவை, அவ்வளவுதான். வாப்பாவின் ரேசரோ காக்காவின் ரேசரோ வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியில் ஹெப்படைட்டிஸ் பி போன்ற கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரால் கழுவி, கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். வாவிக்கரை வெக்கையில் வியர்வை பட்டால் எரியும். பர்தாவின் விளிம்பு நாடியில் உரசினால் சின்னச் சின்னப் பருக்கள் வரும். அதனால் விடுமுறைக்கு முந்திய இரவில் செய்வது நல்லது.

நூல் போடுவது பெரியவர்களுக்குப் பழக்கமானது, பிள்ளைக்கு வலிக்கும். அவள் விரும்பிக் கேட்டால் மட்டும் செய்யலாம். கை கழுவி, புதிய நூலில் செய்யச் சொல்லுங்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்பவரிடம், அதைக் கழுத்தில் கட்டிக்கொள்ளச் சொல்ல வெட்கப்படாதீர்கள். முகத்தில் பருவோ புண்ணோ இருக்கும்போது நூல் கூடாது. மெழுகு போட்டு இழுப்பதை இந்த வயதில் விட்டுவிடுங்கள். சூடு சற்றுக் கூடினால் மென்மையான தோல் உரிந்து வரும். முடி நீக்கும் கிரீம்கள் முடியைக் காரத்தால் கரைப்பவை. கை காலுக்கென்று விற்பதை முகத்தில் போட்டுத்தான் பல பிள்ளைகள் பொத்தளம் போட்டு நிற்கிறார்கள். ப்ளீச் செய்தால் முடி போகாது, பொன்னிறமாகும். மாநிறத் தோலில் பொன்மீசை கருமீசையைவிட எடுப்பாகத் தெரியும் என்பதை யாரும் சொல்வதில்லை. லேசர் சிகிச்சைக்கு ஓமோன்கள் நிலைப்பட வேண்டும். வளரும் பிள்ளைக்கு அதற்குச் சல்லி செலவழிக்க அவசரமில்லை.

மஞ்சளும் பயற்றம் மாவும் பூசி உரசினால் முடி உதிரும் என்பார்கள். மஞ்சள் வேரைத் தொடாது. உரசுவதில் சில முடி அறுந்து வரும், தோல் சிவக்கும். பிறகு நம் தோலில் சிவந்த இடமெல்லாம் கறுக்கும். முடி போன இடத்தில் கருமை வந்து மறுபடியும் மீசை போலவே தெரியும். சுண்ணாம்பு, சாம்பல் பக்கமே போகாதீர்கள். பழைய அரபு, துருக்கிக் குளியலறைகளில் சுண்ணாம்போடு அரிதாரத்தைக் கலந்து முடி நீக்கினார்கள் என்பது உண்மை. அந்த அரிதாரம் ஆர்சனிக் நஞ்சு.

இன்னுமொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்கள் அலுமாரியில் ஒரு வெள்ளைக் கிரீம் இருக்கிறதா? கடையில் வாங்கியதோ, வெளிநாட்டிலிருந்து வந்ததோ, முகம் வெளுக்கும் என்று சொல்லி யாரோ தந்ததோ? பிள்ளைகள் அதைத் திருட்டுத்தனமாகப் பூசுகிறார்கள். அப்படிப்பட்ட சில கிரீம்களில் ஸ்டீரோய்ட் கலந்திருக்கும். ஸ்டீரோய்டை நீண்ட நாள் பூசினால் பூசிய இடத்தில் முடி வளரும்! வேறு சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் பல தடவை எச்சரித்திருக்கிறது. முடிக்கு மருந்து தேடுமுன் அந்த டப்பாவைத் தேடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத கிரீமை உம்மாவும் பூச வேண்டாம்.

எப்போது டொக்டரிடம் காட்ட வேண்டும்? எட்டு வயதுக்கு முன்பே அக்குளிலோ மறைவிடத்திலோ முடி வந்தால் காட்டுங்கள். நாடி, நெஞ்சு, வயிறு என்று தடித்த முடி சில மாதங்களுக்குள் வேகமாக வந்தாலும், குரல் தடித்தாலும் தாமதிக்காதீர்கள். கழுத்தைச் சுற்றி வெல்வெட்டுத் துணி போலக் கறுத்திருந்தால் அதை அழுக்கென்று தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். பெரிய பிள்ளையாகி முதல் வருடம் மாதவிடாய் முன்பின்னாக வருவது சாதாரணம். ஒரு வருடம் கழிந்த பின்பும் 90 நாளுக்கு மேல் தள்ளிப் போனால் காட்ட வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின் போன்ற சில மருந்துகளாலும் முடி வளரும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதித் தந்த டொக்டரிடமே கேளுங்கள்.

முதலில் ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினால் போதும்; தேவையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குத் துண்டு எழுதித் தருவார்கள். பி.சி.ஓ.எஸ். என்னும் சூலகக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க உடனே ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள். பெரிய பிள்ளையாகி எட்டு வருடத்துக்குள் ஸ்கேனை வைத்து அதை முடிவு செய்யக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டல்கள் சொல்கின்றன. அந்த வயதில் நலமான பிள்ளையின் சூலகமும் ஸ்கேனில் அப்படித் தெரியும். டொக்டருக்கு முன்னால் "இவளுக்கு மீசை" என்று நீங்கள் தொடங்காமல், பிள்ளையையே சொல்ல விடுங்கள்.

கத்தரிக்கோலையோ ட்ரிமரையோ ஒரு சின்னப் பெட்டியில் போட்டு அவளிடமே கொடுத்துவிடுங்கள். பாவித்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காய வைக்கப் பழக்குங்கள். நம் பக்க உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்ததை எறிந்துவிட வேண்டும். இரண்டு மாதம் செய்துவிட்டு "எனக்கு இனி வேண்டாம்" என்று அவள் சொன்னால் அப்படியே விட்டுவிடலாம். முடி முன்பிருந்தது போலவே வளரும்.